டைனோசர் காலமும் நம் முத்துச்சிப்பியும்

உங்கள் முன் நிற்பது, நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி டைனோசரின் உயிரளவு உருவம். இதன் உறவினங்கள் தமிழ்நாட்டிலும் வாழ்ந்தன.

அரியலூரின் பேருயிர்
அரியலூர்ப் பகுதியில் கல்லமேடு என்ற ஊரருகே கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த புவியியலாளர்கள் யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1980களில் அவ்விலங்குக்கு 'புருகத்காயோசாரஸ்' எனப் பெயரிட்டார்கள். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர் நீளம். எலும்புகள் பின்னர் நொறுங்கிவிட்டன. படங்களும் அளவுக் குறிப்புகளும் எஞ்சியுள்ளன.

அன்றைய கடல்
அக்காலத்தில் அரியலூர்ப் பகுதியைக் கடல் பலமுறை மூடியது. சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் அதில் பெருகின. இன்று சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல், அந்தக் கடலின் படிவு.

தப்பிப் பிழைத்தவை
சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய மெக்சிகோவின் கரையோரம் பெரிய விண்கல் மோதியது. பறவைகளின் முன்னோர் தவிர, டைனோசர்கள் அழிந்தன, அம்மோனைட்டுகளும் மறைந்தன. சிப்பியினங்கள் பல பிழைத்தன.

மன்னார் வளைகுடாவின் பார்களில் (கடலடிப் பாறைத் திட்டுகளில்) வாழும் முத்துச்சிப்பியும் அத்தகைய தொன்மையான குடும்பத்தைச் சேர்ந்தது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் இங்கேயே சிப்பிக்குள் முத்தை விளைவித்தார்கள்.

குழந்தைகளுக்கு
அப்பாவை இந்த உருவத்தின் காலருகே நிற்கச் சொல்லுங்கள். 2 மீட்டர் எலும்பு அவரைவிட உயரமா? அசல் புதைபடிவங்களைக் காண, அரியலூர் அருகே வாரணவாசி அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு செல்லுங்கள்.