ஞாயிறு இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸ், திங்கள் காலை ஆபீஸ்: டிபன் பொட்டலத்தை ஏன் இரண்டாகப் பிரிக்கணும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூத்துக்குடியில் பல வீடுகளில் ஒரே காட்சிதான். ஹாலில் பேக் திறந்து கிடக்கும். சார்ஜரைத் தேடிக்கொண்டிருப்போம். அடுக்களையிலிருந்து அம்மா குரல் வரும்: “இட்லி பத்து வச்சிருக்கேன். ராத்திரிக்கு ஆறு, காலையில நாலு. சட்னி தனியா இருக்கு, கொட்டிராம கொண்டு போ.”

இந்த “காலையில நாலு” என்பதில்தான் சிக்கலே. சாயங்காலம் 6 மணிக்குக் கட்டிய பொட்டலத்தை மறுநாள் காலை 8 மணிக்குப் பிரிக்கிறோம் என்றால் இடையில் 14 மணி நேரம் ஓடியிருக்கும். பிரித்ததும் சட்னி புளித்த வாசம் அடிக்கும். இட்லி பிசுபிசுக்கும். அம்மா கட்டிக்கொடுத்ததைத் தூக்கிப் போட மனசு வராமல் சாப்பிட்டுவிட்டு, திங்கட்கிழமை மீட்டிங்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி.

பயணத்துக்கு முன்னால் காலை உணவை எப்படித் திட்டமிடுவது? எது தாங்கும், எது தாங்காது? சிம்பிளா பார்த்துடலாம்.

கிளம்பும் நேரம் முக்கியமில்லை, சாப்பிடும் நேரம்தான் முக்கியம்

பொதுவாக நாம் யோசிப்பது, “ரயில் எத்தனை மணிக்கு?” என்றுதான். உணவைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி வேறு: “இதை எத்தனை மணிக்குச் சாப்பிடப் போறேன்?” அந்த நேரத்திலிருந்து சமைத்த நேரம் வரை பின்னோக்கி எண்ணுங்கள். கிடைக்கும் எண்தான் எதைக் கட்டலாம் என்பதை முடிவு செய்யும்.

சமைத்த உணவுக்கு 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலை ஆபத்தான பகுதி. கிருமிகள் வேகமாகப் பெருகுவது இந்த இடைவெளியில்தான். அதனால்தான் ஈரமுள்ள சமைத்த உணவை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் கணக்கு. நம்ம ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்லீப்பர் கோச்சில் சீட்டுக்கு அடியில் வைத்த டப்பாவின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தேங்காய்ச் சட்னி முதலில் கெடுவதற்குக் காரணம் இதுதான். பச்சைத் தேங்காய், தண்ணீர், உப்புக் குறைவு என்று கிருமிகளுக்குப் பிடித்த எல்லாமே அதில் இருக்கிறது. அடுத்தது தயிர் சாதம், தக்காளி சாதம் போன்ற சாத வகைகள். அரிசியில் இருக்கக்கூடிய ‘பேசில்லஸ் செரியஸ்’ என்ற பாக்டீரியாவின் விதைகள் கொதிக்க வைத்தாலும் சாகாது. சாதம் ஆறிய பிறகு அவை முளைத்து நச்சை உண்டாக்கும். திரும்பச் சூடு பண்ணினாலும் வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு போகாது. புளியோதரையில் புளியும் எண்ணெயும் இருப்பதால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அதற்காக மறுநாள் காலை வரை என்று நீட்டாதீர்கள்.

பேகல் சொல்லும் பாடம்

வெளிநாட்டு ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு பேகல் தெரிந்திருக்கும். நடுவில் ஓட்டை போட்ட, வடை மாதிரி வட்டமான ரொட்டி. போலந்தில் வாழ்ந்த யூதர்களிடமிருந்து உலகத்துக்குப் போன பண்டம் இது. கிராகூவ் நகரத்து யூதர்களின் 1610-ம் ஆண்டு ஆவணம் ஒன்றிலேயே இதன் பெயர் வருகிறது. இன்றைக்கு நியூயார்க்கிலும் மான்ட்ரியலிலும் வேலைக்கு ஓடுகிறவர்களின் காலை டிபன் இது.

மற்ற ரொட்டிகளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அடுப்பில் சுடுவதற்கு முன்னால் மாவை வெந்நீரில் போட்டு எடுப்பார்கள். அதில் மேல்தோல் இறுகிவிடும். உள்ளே அடர்த்தியாக, மெல்ல மெல்ல இருக்கும். பையில் போட்டாலும் நசுங்காது, சாறு வடியாது, கையில் பிடித்து நின்றுகொண்டே சாப்பிடலாம். ஓடும் ஊருக்கு ஏற்ற உணவு.

ஆனால் அதில் தடவும் க்ரீம் சீஸ் நம்ம வெயிலுக்குத் தாங்காது, அதற்கு ஃப்ரிட்ஜ் வேண்டும். ஆகவே பேகலை அப்படியே காப்பி அடிக்காமல், அதன் லாஜிக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்: காய்ந்த அடித்தளம் ஒன்று, மேலே தண்ணீர் இல்லாத தடவல் ஒன்று, கூடவே புரதம் ஒன்று, பழம் ஒன்று. இந்த நாலும் தூத்துக்குடியிலேயே தாராளமாகக் கிடைக்கும்.

நம்ம ஊர் வெர்ஷன்: பொடி பன்

தூத்துக்குடி பேக்கரி ஊர். மக்ரூன் பெட்டி வாங்காமல் இந்த ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள் குறைவு. அதே கடையில் சாயங்காலம் சூடாக வரும் பன்தான் இங்கே ஹீரோ. இனிப்பு அதிகமில்லாத சாதா பன்னாக வாங்குங்கள். கிரீம் பன், ஜாம் பன் வேண்டாம்.

பன்னைக் குறுக்கே இரண்டாக வெட்டி, தோசைக்கல்லில் கொஞ்சம் நெய் விட்டு, வெட்டிய பக்கம் பொன்னிறமாகும் வரை சுடுங்கள். இட்லிப் பொடியை இன்னும் கொஞ்சம் நெய்யிலோ நல்லெண்ணெயிலோ குழைத்துத் தடவுங்கள். தண்ணீர் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. காரம் வேண்டாதவர்கள் வேர்க்கடலை வெண்ணெய் தடவலாம்.

முக்கியமான ஸ்டெப் இதற்கு அப்புறம்தான். பன் நன்றாக ஆறின பிறகே மடக்க வேண்டும். சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் ஆவி தண்ணீராக மாறி உள்ளேயே இறங்கும். பன் சொதசொதவென்று ஆகிவிடும், சீக்கிரம் கெட்டும் போகும். ஆறியதும் பட்டர் பேப்பரிலோ சுத்தமான பருத்தித் துணியிலோ சுற்றி டப்பாவில் வையுங்கள்.

நியூஸ் பேப்பரில் மட்டும் சுற்றாதீர்கள். பத்திரிகை நடத்துகிற நாங்களே சொல்கிறோம்! அச்சு மையில் இருக்கும் ரசாயனங்கள் உணவில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2016-லும் 2023-லும் எச்சரித்திருக்கிறது.

இரவுப் பொட்டலம், காலைப் பொட்டலம்

முத்துநகர் எக்ஸ்பிரஸ் இரவு கிளம்பி மறுநாள் காலை எழும்பூர் போய்ச் சேருகிறது. நடுவில் இரண்டு வேளை சாப்பாடு. ஆகவே பொட்டலமும் இரண்டாக இருக்கட்டும்.

*இரவுப் பொட்டலம்:* பொடி தடவிய இட்லி, சப்பாத்தி, புளியோதரை என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். விதி ஒன்றுதான்: ரயில் ஏறியதும் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் காலைக்கு எடுத்து வைக்கக் கூடாது. பரோட்டா பிரியர்கள் கடையிலேயே சூடாகச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். சால்னா பார்சலை ரயிலில் ஏற்ற வேண்டாம்.

*காலைப் பொட்டலம்:* பொடி பன் இரண்டு, வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, நாட்டு வாழைப்பழம் ஒன்று அல்லது இரண்டு. ஒரு கைப்பிடி (சுமார் 30 கிராம்) கடலையில் கிட்டத்தட்ட 7 கிராம் புரதம் இருக்கிறது, ஏறக்குறைய ஒரு முட்டை அளவு. வெறும் பன் மட்டும் என்றால் 11 மணிக்கே பசிக்கும். கடலை சேர்ந்தால் மதியம் வரை ஓடும். இனிப்பு வேண்டும் என்பவர்கள் போகிற வழியில் உள்ள கோவில்பட்டியின் கடலை மிட்டாயை வைத்துக்கொள்ளலாம். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் அது.

அவித்த முட்டை? இரவுப் பயணத்துக்கு வேண்டாம். ஓட்டோடு இருந்தாலும் 2 மணி நேரக் கணக்கு அதற்கும் உண்டு. மக்ரூன்? முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி சேர்த்து உலர வைத்துச் சுட்ட பண்டம் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் அருமையாகத் தாங்கும். ஆனால் அது ஆபீஸ் நண்பர்களுக்கு, டிபனுக்கு இல்லை.

தாம்பரத்திலோ எழும்பூரிலோ இறங்கி 20 நிமிடம் கையில் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால், சூடான இட்லியை அங்கேயே சாப்பிடுவதுதான் ஆகச் சிறந்த வழி. அப்போதும் பையில் பன் இருக்கட்டும். வண்டி லேட்டானால் அதுதான் கை கொடுக்கும்.

அதிகாலையில் கிளம்புகிறவர்களுக்கு

திருநெல்வேலியிலிருந்து காலை 6 மணியளவில் கிளம்பும் சென்னை வந்தே பாரத்தைப் பிடிக்க, தூத்துக்குடிக்காரர்கள் சுமார் 50 கிலோமீட்டர் போக வேண்டும். அதாவது நாலு, நாலரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பணும். அந்த நேரத்தில் முழு டிபன் யாருக்கும் இறங்காது. வெறும் வயிற்றில் காரில் போனாலும் சிலருக்குக் குமட்டும்.

ஆகவே இதையும் பிரித்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு ரஸ்க், அரை டம்ளர் உடன்குடி கருப்பட்டி போட்ட காபி. ரயிலில் சீட்டில் உட்கார்ந்ததும் மிச்ச டிபன். இங்கே முட்டைக்கு அனுமதி உண்டு. நாலரைக்கு அவித்ததை ஆறரைக்குள் சாப்பிட்டுவிட்டால் கணக்குச் சரி. வந்தே பாரத்தில் டிக்கெட் எடுக்கும்போதே சாப்பாடு வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும். ‘வேண்டாம்’ கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா என்று முந்தைய இரவே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு

இதே முத்துநகரில் காலையில் தூத்துக்குடி வந்து இறங்குகிறவர்களும் உண்டு. பனிமய மாதா பேராலயம், முயல் தீவு, அப்படியே சுமார் 40 கிலோமீட்டரில் திருச்செந்தூர் என்பது வழக்கமான பிளான். இதில் பலர் செய்யும் தவறு, “கோயில் முடிச்சிட்டுச் சாப்பிட்டுக்கலாம்” என்பது. விசேஷ நாளில் திருச்செந்தூர் வரிசை எவ்வளவு நேரம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. விரதம் இருப்பவர்கள் விஷயம் வேறு. மற்றவர்கள் இறங்கியதும் சூடான இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு, பையில் கடலை மிட்டாயும் தண்ணீரும் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். குழந்தைகளும் பெரியவர்களும் கூட வந்தால் இது கட்டாயம்.

சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் கவனிக்க

பயண நாளில் நிஜமாகவே ஆபத்தில் மாட்டக்கூடியவர்கள் இவர்கள்தான். “வழக்கமான நேரம் ஆச்சே” என்று இன்சுலினோ மாத்திரையோ எடுத்துவிட்டு, சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப் போனால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையை (சுமார் 15 கிராம்) தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கியவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, உடனே மருத்துவ உதவி தேவை.

அப்பா அம்மாவோடு பயணம் போகிறீர்கள் என்றால் சாப்பாட்டுப் பொட்டலத்தை மேல் பெர்த் பேக்கில் போடாமல் கைப்பையில் வையுங்கள். உணவு கண்ணெதிரே வந்த பிறகே மருந்து என்று வைத்துக்கொள்வது நல்லது. பயண நாளுக்கான அளவை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கிளம்பும் முன் ஒரு செக்

• சாப்பிடப் போகும் நேரம் எது? சமைத்ததிலிருந்து எத்தனை மணி நேரம்?
• 2 மணி நேரத்துக்குள் என்றால் இட்லி, முட்டை, எதுவும் ஓகே.
• ராத்திரி தாண்டி என்றால் காய்ந்தது மட்டும்: பன், ரஸ்க், பொடி, கடலை, பழம்.
• தேங்காய், தயிர், சால்னா எடுக்க வேண்டாம்.
• ஆறின பிறகு மடக்கியாச்சா? நியூஸ் பேப்பர் இல்லையே?
• தண்ணீர் பாட்டில், மருந்து, சர்க்கரைப் பொட்டலம் கைப்பையில் இருக்கா?

தூத்துக்குடிக்கு வழிச் சாப்பாடு புதிதல்ல. 1876-ல் ரயில் வந்த ஊர் இது. 1914-ல் பாம்பன் பாலமும் தலைமன்னார் கப்பலும் வரும் வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போனவர்கள் இங்கே இறங்கித்தான் கப்பல் ஏறினார்கள். கட்டுச்சோற்றுக் கணக்கு இந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

அடுத்த ஞாயிறு அம்மா “காலையில நாலு” என்று சொல்லும்போது வேண்டாம் என்று மறுக்காதீர்கள். ஆறு இட்லியை ராத்திரிக்கு வாங்கிக்கொண்டு, “காலைக்கு ரெண்டு பன்ல பொடி தடவித் தாங்கம்மா” என்று கேட்டுப் பாருங்கள். பாசமும் குறையாது, திங்கட்கிழமை வயிறும் கெடாது.