முதல் நாள் அச்சமும் ஒரு தொழிற்சாலைப் பரிசோதனையும்

புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு வேலை நேரம், விடுப்பு, ஊதியப் பிடித்தம், பாதுகாப்பு ஏற்பாடுகள் முதலியவற்றை விளக்கிச் சொல்லும் தொடக்க நிகழ்வு அறிமுகப் பயிற்சி எனப்படுகிறது. மனிதவளத் துறையினர் இதனை இன்டக்‌ஷன் என்றே வழங்குவர். பெரும்பாலான இடங்களில் ஓர் உரை, கையொப்பமிட வேண்டிய சில படிவங்கள், ஓர் அடையாள அட்டை என்ற அளவில் இது முடிந்துவிடுகிறது. விதிகளைச் சொல்லிவிட்டால் புதியவர் தயாராகிவிடுவார் என்ற எண்ணமே இந்த நடைமுறைக்கு அடிப்படையாகும். ஆனால், விதி தெரியாமையைக் காட்டிலும் அச்சமே அவரைத் தடுமாறச் செய்கிறது என்பதை அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் 1960களில் நடந்த ஒரு பரிசோதனை எடுத்துக்காட்டியது.

1958இல் ஜாக் கில்பி ஒருங்கிணைந்த மின்சுற்றை, அதாவது இன்று சிப் என்று வழங்கும் கருவியை, உருவாக்கிக் காட்டியது இந்த நிறுவனத்தில்தான். அத்தகைய சுற்றுகளை நுண்ணோக்கி வழியே பார்த்துப் பொருத்தும் வேலையில் பெண்கள் பெருந்தொகையாக அமர்த்தப்பட்டனர். அந்தக் கைத்திறன் முழுமையாகப் படிய ஏறத்தாழ மூன்று மாதங்கள் பிடித்தது. துறை மேலாளரான ஏர்ல் கோமர்சாலும் ஸ்காட் மையர்ஸும் தொழிலாளிகளின் அனுபவத்தை ஆராய்ந்தபோது, புதியவர்களின் தொடக்க நாட்கள் பதற்றம் நிறைந்தவை என்பதும், பழையவர்கள் விளையாட்டாகச் சொல்லும் மிரட்டல் கதைகள் அந்தப் பதற்றத்தை வளர்க்கின்றன என்பதும், வேலையை விட்டுச் செல்வோரில் பலர் அதனாலேயே செல்கின்றனர் என்பதும், ஐயம் எழுந்தாலும் மேற்பார்வையாளரை அணுகப் புதியவர்கள் தயங்குகின்றனர் என்பதும் தெரியவந்தன.

எனவே, வழக்கமான இரண்டு மணி நேர அறிமுகத்துக்குப் பிறகு ஒரு குழுவினரை நேரே வேலைக்கு அனுப்பாமல், முதல் நாள் முழுவதும் ஓர் அறையில் அமர்த்திப் பேசினர். இந்த வேலைக்கு வந்தவர்களில் 99.6 விழுக்காட்டினர் இதனைக் கற்றுத் தேறியுள்ளனர் என்பது பழைய பதிவுகளைக் கொண்டு விளக்கப்பட்டது. பழையவர்கள் விதிகளையும் தண்டனைகளையும் மிகைப்படுத்திச் சொல்லி வேடிக்கை பார்ப்பார்கள், அதனைப் பொருட்படுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டது. ஐயம் எழுந்தால் தாமாகவே சென்று கேட்கலாம், அப்படிக் கேட்பதை மேற்பார்வையாளர் எதிர்பார்க்கிறார் என்றும் கூறப்பட்டது. எல்லாவற்றிலும் நுட்பமானது, அந்த மேற்பார்வையாளரையே அறிமுகப்படுத்திய விதம்: கண்டிப்பும் நட்பும் உடையவர், மீன்பிடிப்பதில் நாட்டமுள்ளவர், சில வேளைகளில் கூச்சப்படுபவர், ஆயினும் பேச வந்தால் மகிழ்ந்து பேசுபவர் என்று அவர் விவரிக்கப்பட்டார். அதிகாரிக்கும் கூச்சம் உண்டு என்ற செய்தி புதியவரின் தயக்கத்தைக் குறைப்பதுபோல் வேறெந்தக் கையேடும் குறைத்திருக்க முடியாது.

ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் 1966இல் இருவரும் எழுதிய கட்டுரையின்படி, பயிற்சிக் காலம் பாதியாகவும், பயிற்சிச் செலவு மூன்றில் ஒரு பங்காகவும், கழிவும் நிராகரிப்பும் ஐந்தில் ஒரு பங்காகவும் குறைந்தன. வராமையும் தாமதமும்கூடப் பாதியாயின. குழு சிறியது, ஆராய்ந்தவர்களோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். தாங்கள் கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே தொழிலாளரின் உழைப்பைக் கூட்டக்கூடும் என்ற விவாதமும் ஹாதார்ன் ஆலை ஆய்வுகளின் காலத்திலிருந்து நிலவுகிறது. ஆகவே இந்த அளவுகளை எல்லா இடங்களுக்கும் அப்படியே பொருத்துவது சரியன்று. எனினும் அச்சம் உற்பத்தியைப் பாதிக்கிறது என்ற அடிப்படைக் கருத்து, அளவுகள் மாறினாலும் நிற்கும்.

புதியவரை மிரட்டி வேடிக்கை பார்க்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்கும் அந்நியமானதன்று. கல்லூரிகளில் அதன் கொடுமை முற்றியதால் 1997இல் ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அந்தச் சட்டம் மாணவர்களுக்கானது. பட்டறையிலும் அலுவலகத்திலும், பணி நிரந்தரமாகும் முன்பு திறனையும் நடத்தையையும் சோதிக்கும் காலமாகிய தகுதிகாண் பருவத்தில் இருப்பவர், வேலை போய்விடுமோ என்ற கவலையால் கேலியையும் மிரட்டலையும் வெளியே சொல்வதில்லை. பூங்கொத்தும் பரிசுப் பையும் கொடுத்து வரவேற்கும் நிறுவனங்கள், அந்த முதல் நாளில் ஒரு மணி நேரத்தையாவது ஒதுக்கி, புதியவர் யாருக்குக் கீழே பணியாற்றப் போகிறாரோ அந்த மேற்பார்வையாளரையே அவருடன் அமர்ந்து பேசச் செய்ய வேண்டும்.