கல்வராயன் மலைப் பெண்களும் தலைமை ஆசனமும்

ஒரு நாட்டில் பெண்கள் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறார்கள் என்று அளந்து பார்க்க விரும்புகிறவர்கள், பள்ளிக்கூடங்களில் சேர்ந்த சிறுமிகளின் தொகையையும் கல்லூரி வாயிலைக் கடந்த யுவதிகளின் தொகையையும் கணக்கிட்டுத் திருப்தியடைந்துவிடுவது வழக்கம். அந்தக் கல்லூரியின் முதல்வராக அமர்ந்திருப்பவர் யார், விளைபொருளுக்கு விலை நிர்ணயிக்கிறவர் யார், பாங்கிக் காசோலையில் கையெழுத்திடுகிறவர் யார் என்ற கேள்விகளை நாம் அபூர்வமாகவே கேட்கிறோம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையிலிருந்து கொண்டு இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால், நுழைவாயிலைத் திறந்துவிட்டதாகப் பெருமை கொள்ளும் நம்முடைய சமூகம், அந்த வாயிலுக்கும் தலைமை ஆசனத்துக்கும் நடுவே உள்ள நெடும்பாதையை ஏறக்குறைய மறந்தே போயிருக்கிறது என்பது தெளிவாகும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டிச் செல்லும் சாலை, மலையடிவாரத்தில் வளைந்து ஏறத் தொடங்கி, பெரியார் நீர்வீழ்ச்சியைக் கடந்து வெள்ளிமலையை அடைகிறது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு, கல்வராயன் மலை ஒரு தாலுகாவாகி, வெள்ளிமலை அதன் தலைமையிடமாயிற்று. மலையின் மறுபக்கம், கருமந்துறையை உள்ளிட்டது, சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கே வாழ்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ‘மலையாளி’ என்று அரசாங்கப் பட்டியலில் குறிக்கப்படும் பழங்குடியினர். கேரளத்தாரோடு இவர்களுக்குச் சம்பந்தமில்லை. இவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் குடியேறிய சகோதரர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் தொகையால் முதலிடம் இவர்களுக்கே. ஆனால் 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி மாநிலத்துப் பழங்குடிப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு 47 பேர்கூட இல்லை. எல்லாப் பெண்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலோ 73 பேர்.

இந்த வித்தியாசத்துக்குச் சரித்திரக் காரணம் ஒன்று உண்டு. இந்தியா சுதந்திரம் பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்த பிறகும், அதாவது 1976 வரையில், கல்வராயன் மலைக் கிராமங்கள் மூன்று ஜாகீர்தார்களின் ஆதிக்கத்திலேயே இருந்தன. கீழே சமவெளியில் காமராஜர் காலத்துப் பள்ளிக்கூடங்கள் ஊருக்கு ஊர் எழுந்து, மதிய உணவு உண்டு, ஒரு தலைமுறை முழுவதும் கல்வி கற்று உத்தியோகத்துக்குப் போய்விட்ட அந்தக் காலத்தில், மலைமேல் இருந்த ஜனங்கள் ஜாகீருக்கு ஊழியம் செய்துகொண்டிருந்தார்கள். இன்று கல்லூரிக்குப் போகும் மலைப்பெண்ணின் பாட்டி அந்த ஆட்சியில் வாழ்ந்தவள். ஒரு குடும்பத்தில் தாத்தா பள்ளி ஆசிரியராகவும் தந்தை வங்கி அதிகாரியாகவும் இருந்தால் பேத்திக்கு எத்தனையோ விஷயங்கள் சொல்லாமலே தெரிந்திருக்கும். அத்தகைய சொத்து எதுவும் சேரச் சந்தர்ப்பமே இல்லாத வீட்டிலிருந்து வருகிற பெண்ணை நாம் அதே தராசில் நிறுத்துகிறோம்.

அவளுடைய பிரயாணத்தில் முதல் தடை தூரம். ஆரம்பப் பள்ளி கிராமத்தில் இருக்கலாம். மேல்வகுப்புக்கு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியின் விடுதியில் தங்க வேண்டும். கல்லூரிக்கென்றால் மலையை விட்டே இறங்க வேண்டும். பெற்றோர் கூலி வேலைக்காகக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் மாதக்கணக்கில் போய்விடும் வீடுகளில், வயதுக்கு வந்த பெண்ணை எங்கே விட்டுப்போவது என்ற கவலையே படிப்பை நிறுத்திவிடுகிறது. அந்தக் கவலைக்குப் பெற்றோர் கண்டுபிடிக்கும் எளிய பரிகாரம் இளவயது விவாகம். இதை மலைச் சமூகத்தின் பிற்போக்கு என்று ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாதுகாப்பான விடுதியும், பெண் ஆசிரியரும், மழைக்காலத்திலும் ஓடுகிற பஸ்ஸும் இருந்தால் எந்தத் தாயும் பெண்ணைப் பதினாறு வயதில் கட்டிக்கொடுக்க ஆசைப்படுவதில்லை. அடுத்து வருவது சாதிச் சான்றிதழ். மற்ற வகுப்பாருக்குத் தாசில்தார் அளவிலேயே கிடைக்கிற சான்று, பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் கையிலிருந்து வர வேண்டும். விசாரணை முடிந்து அது வருவதற்குள் விண்ணப்பத்தின் கடைசித் தேதி போய்விட்டால், ஓராண்டு போயிற்று. ஓராண்டு வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்காமல் இருப்பார்களா?

இந்தத் தடைகள் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்ததும் வெகு தாமதமாகத்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியான பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை ஜனங்களின் வாழ்க்கை நிலையைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டு, சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி ஆகியவற்றைப் பற்றி அரசாங்கத்தைக் கேள்வி கேட்டது. அத்தனை மரணங்கள் நேர்ந்த பிறகுதான் ஒரு மலையின் சாலையைப் பற்றி விசாரிக்க நேர்ந்தது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இருந்தும் பெண்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். 2025-இல் கருமந்துறை அரசு பழங்குடியினர் பள்ளியில் படித்த மாணவி ஒருவர், தந்தையை இழந்து கூலி வேலை செய்யும் தாயின் உழைப்பில் வளர்ந்தவர், நுழைவுத் தேர்வில் வென்று சென்னை ஐஐடியில் இடம் பெற்றார். திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலையில் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, அதே மலையாளிச் சமூகத்தவர், 2023 நவம்பரில் பிரசவித்த ஓரிரு நாளிலேயே கணவரும் உறவினரும் துணைவர இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து சென்னையில் சிவில் நீதிபதித் தேர்வை எழுதி, 23 வயதில் தேர்ச்சி பெற்றார். நாடே பாராட்டிற்று; பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பிரசவப் படுக்கையிலிருந்து எழுந்துபோய்ப் பரீட்சை எழுதும் மனவலிமை உள்ளவர்கள் மாத்திரமே தாண்டக்கூடிய வேலியை ஊரைச் சுற்றி வைத்திருக்கிறோமே, அந்த வேலியைப் பற்றியும் அன்றைக்குச் சிலர் பேசியிருக்கலாம்.

உயர்கல்வியின் உச்சியைப் பற்றி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆவதற்குப் பேராசிரியராகப் பத்தாண்டு பணி செய்திருக்க வேண்டுமென்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதி. உதவிப் பேராசிரியராக நுழைந்தவர், முனைவர் பட்டத்தோடு எந்தத் தடங்கலும் இல்லாமல் ஒவ்வொரு படியையும் உரிய காலத்தில் ஏறினாலும், பேராசிரியராவதற்குச் சுமார் பதினைந்து ஆண்டுகள் செல்லும். முப்பது வயதில் வேலை கிடைத்த பெண்ணுக்குத் துணைவேந்தராகும் தகுதி வாய்க்கும்போது வயது ஐம்பத்தைந்து ஆகிவிடும். சான்றிதழுக்காகப் போன ஓராண்டு, தம்பியின் படிப்புக்காக வேலைக்குப் போன இரண்டாண்டு, மகப்பேற்றுக்குப் பின் ஆராய்ச்சி நின்றுபோன மூன்றாண்டு, உதவித்தொகை தாமதமானதால் தள்ளிப்போன ஓராண்டு என்று இவையெல்லாம் தனித்தனியே பார்த்தால் அற்பமாகத் தோன்றினாலும், சேர்ந்தால் ஏழாண்டாகி, அந்த வயதை அறுபதுக்கு மேல் தள்ளிவிடுகின்றன. அவளை வேண்டாமென்று ஒருவரும் சொல்ல வேண்டிய அவசியமே நேர்வதில்லை. காலமே அந்தக் காரியத்தைச் செய்துவிடுகிறது.

நுழைவதும் சுலபமன்று. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கீடு நூற்றுக்கு ஒன்று. இருநூறு நியமனங்கள் கொண்ட இனச்சுழற்சிப் பட்டியலில் அவர்களுக்கு உரியவை இரண்டே. ஒரு ஸ்தாபனம் பாடத்துறையை அலகாகக் கொண்டு இரண்டும் மூன்றுமாக ஆட்களை நியமித்துக்கொண்டு போனால், பழங்குடியினரின் முறை வருவதற்கு எத்தனை தலைமுறை ஆகும் என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த இரண்டில் பெண்ணுக்கு எத்தனை?

அப்படியும் மேலே வந்தவர்கள் உண்டு. ஓராவோன் பழங்குடியைச் சேர்ந்த சோனாஜாரியா மிஞ்ச், சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கணிதம் படித்து, டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியராயிருந்து, 2020-இல் ஜார்க்கண்டில் தும்காவிலுள்ள சித்தோ கன்ஹு முர்மு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். சிறுமியாயிருந்தபோது, பழங்குடிப் பெண்ணுக்குக் கணக்கு வராது என்று சொல்லி ஆசிரியரே மனத்தைத் தளரச் செய்ததை அவர் பகிரங்கமாகப் பேசியிருக்கிறார். அமெரிக்காவிலும் இதே கதைதான். லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்கள் அந்நாட்டின் கல்லூரிகளில் பெருந்தொகையாகப் படித்தும், டெக்சாஸில் ஜூலியட் கார்சியா என்ற பெண்மணி ஒரு கல்லூரித் தலைமையை ஏற்றது 1986-இல்தான். அவர் பிறந்த மெக்சிகோ வம்சத்துப் பெண்களில் அதுவே முதல் முறை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவள், வீட்டின் பாரத்தைப் பாதி சுமந்துகொண்டு படிக்கிறவள், தன்னைப்போன்ற ஒருவரை ஆசிரியர் ஸ்தானத்தில் பார்த்தறியாதவள் என்ற வர்ணனை டெக்சாஸுக்கும் வெள்ளிமலைக்கும் ஒருங்கே பொருந்துகிறது.

வியாபாரத்தின் நிலைமை இன்னும் சிக்கலானது. மலையில் மரவள்ளிக்குக் கொத்துகிறவர்களும் களையெடுக்கிறவர்களும் கிழங்கு பிடுங்குகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். அந்தக் கிழங்கு லாரி ஏறி ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி (சேகோ) ஆலைக்குப் போனதும், மாவுச்சத்தை அளந்து ‘பாயிண்ட்’ கணக்கில் விலை சொல்லும் இடத்தில் அந்தப் பெண்கள் இருப்பதில்லை. வியாபாரியும் ஆலைக்காரரும் வீட்டு ஆண்பிள்ளையும் பேசி முடித்துவிடுகிறார்கள். தேனும் கடுக்காயும் புளியும் சேகரிக்கிறவள் அவள், விற்பவர் வேறொருவர். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சிறு கடனுக்கு வழி செய்து பல வீடுகளை வட்டிக்காரரிடமிருந்து மீட்டிருக்கின்றன என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சில ஆயிரங்களுக்கு அடுத்த படி எங்கே இருக்கிறது? ஒவ்வொரு பாங்கிக் கிளையும் தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடியினர் ஒருவருக்கும் பெண் ஒருவருக்குமாவது கடன் கொடுக்க வேண்டுமென்று 2016-இல் வந்த ‘ஸ்டாண்ட் அப் இந்தியா’ திட்டத்தில் கடன் தொடங்கியதே பத்து லட்ச ரூபாயில். சாமை அரைக்க ஒரு மில் வைக்க விரும்பும் பெண்ணுக்குக் குழுக்கடன் போதாது. பத்து லட்சமோ எட்டாது. நடுவில் உள்ள படிகள் அவள் கைக்குக் கிட்டுவது அரிது.

கடனென்றால் பாங்கி முதலில் கேட்பது பட்டா. ஜாகீர் நிலமும் வன நிலமும் பின்னிக் கிடக்கும் மலையில் பட்டாவே அரிது. கிடைத்தாலும் அது ஆண் பெயரில். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்தே உரிமை வழங்க வேண்டுமென்று மிக நேர்மையாகச் சொல்லியிருக்கிறது. பெண்ணின் பெயரை நிலத்தோடு சேர்த்து எழுதிய சட்டங்களில் இது விசேஷமானது என்பது என் அபிப்பிராயம். நீதிமன்ற வழக்கினால் தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் வழங்குவது பல ஆண்டுகள் நின்றுபோய், 2016-க்குப் பிறகே அந்தச் சட்டம் மெல்ல நடைமுறைக்கு வரலாயிற்று. இதனால் பத்தாண்டு இழந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள்.

பஞ்சாயத்துத் தலைமை விஷயத்தில் சட்டம் தாராளமாக இருக்கிறது. உள்ளாட்சி ஸ்தானங்களில் பாதி பெண்களுக்கென்று தமிழ்நாடு 2016-இல் சட்டமியற்றியது. ஊர்க்கவுண்டர் கூட்டும் பஞ்சாயத்தில் ஆண்களே பேசித் தீர்த்துவந்த மலையில் இது சிறிய மாறுதலன்று. ஆனால் நாற்காலி ஒருத்திக்கும் அதிகாரம் இன்னொருவருக்கும் ஆகிவிடுவதை ஊரறியும்: மனைவி பெயரில் தேர்தல், கணவர் கையில் கணக்குப் புத்தகம். பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில், தெற்குத் திட்டை ஊராட்சித் தலைவியான ஆதிதிராவிடப் பெண்மணியைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த செய்தி 2020-இல் வெளியானபோது, ஆசனம் கொடுப்பதும் அமரவிடுவதும் வெவ்வேறு காரியங்கள் என்பதை நாடு கண்டது. சட்டசபையில் பழங்குடியினருக்கு இரண்டு தொகுதிகள்: ஏற்காடும் சேந்தமங்கலமும். இரண்டும் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இருப்பவை. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைக்கு அந்த வாய்ப்பில்லை. ஏற்காட்டில் 2013 இடைத்தேர்தலில் சரோஜாவும், 2016, 2021 தேர்தல்களில் சித்ராவும் வென்றார்கள். இடம் உறுதியாகக் கிடைத்தபோது பெண்களை முன்னிறுத்தக் கட்சிகள் முன்வந்தன, வாக்காளரும் தயங்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அளிக்கிறது. கள்ளக்குறிச்சிக்கே 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனால் பட்டத்தோடு அந்த மாத உதவி நின்றுவிடுகிறது; அதற்கு மேல் தேசிய அளவில் பழங்குடி ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு 750 உதவித்தொகைகள் உண்டு, இந்தியா முழுமைக்கும். மலைப்பெண்களுக்கென்று முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் மாநில அரசாங்கமே தனி உதவித்தொகை ஏற்படுத்தி, மாதந்தோறும் முதல் வாரத்தில் தவறாமல் கொடுக்கலாம். சாதிச் சான்றைப் பத்தாம் வகுப்பிலேயே பள்ளிக்கு வந்து கொடுத்துவிடக் கோட்டாட்சியரால் முடியும். மலையில் பழங்குடியினருக்கென்று இருக்கும் பெரும்பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகக் குழுவிலும், கடுக்காய்க்கும் தேனுக்கும் விலை பேசும் மேஜையிலும், சேகரிக்கும் பெண்களையே பெரும்பான்மையாக அமர்த்தலாம். பல்கலைக்கழகங்கள் நிரம்பாத பழங்குடி இடங்களைத் துறைவாரியாகச் சிதறவிடாமல் ஒன்றாகத் திரட்டி, தனி அறிவிப்பின் மூலம் நிரப்பலாம். இவற்றில் புதிய அரசியல் சட்டம் தேவைப்படுவது ஒன்றுகூட இல்லை. கருமந்துறையிலிருந்து சென்னைக்குப் போன அந்த மாணவி படிப்பை முடித்து ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் நாளுக்கு இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன. அதற்குள் இவற்றைச் செய்து முடிக்க வேண்டும்.