நஞ்சையில் நஞ்சு

நன்செய் என்பதே நஞ்சை என மருவிற்று. நஞ்சென்னும் சொல்லோடு அதற்கு உறவில்லை. ஆயினும் அவ்விரண்டும் மெய்யாகவே ஒன்றிய இடம் ஒன்றுண்டு. ஜப்பான் தேசத்துத் தொயாமா மாகாணத்தில் ஓடும் ஜின்சூ ஆற்றின் கரையே அஃது. ஆற்றின் மேற்பகுதியில் காமியோக்கா என்னும் துத்தநாகச் சுரங்கம் இருந்தது. துத்தநாகக் கனியத்தோடு கூடிக் கிடக்கும் காட்மியம் என்னும் உலோகம், சுரங்கக் கழிவோடு ஆற்றில் இறங்கி, வாய்க்கால் வழியே வயல்களிற் படிந்தது. அவ்வயல்களின் அரிசியை உண்டு, அவ்வாற்று நீரைப் பருகியோருள், நடுவயது கடந்த மாதர் பலர்க்குச் சிறுநீரகம் பழுதுற்று, என்பு நொய்ந்து முறிந்தது. வலி பொறாது அவர்கள் அரற்றிய 'இட்டாய், இட்டாய்' என்னும் சொல்லே அந்நோய்க்குப் பெயராயிற்று. காட்மியமே அதற்குக் காரணமென 1968-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

நிற்க. மாந்தர் என்பை முறித்த நஞ்சினிடையே நெல் எங்ஙனம் விளைந்தது?

நெல்லுக்கு வேண்டுவது மாங்கனீசு, காட்மியம் அன்று. ஆனால் மாங்கனீசை வேரினுள் விடும் புரதவாயில், வேறுபாடறியாது காட்மியத்தையும் விட்டுவிடுகின்றது. உட்புகுந்த பின்னரே பயிர் தன்னைக் காக்க முனைகின்றது. கந்தகம் செறிந்த சிறு புரதத்துண்டுகளைக் கோத்து, அவற்றால் உலோகத்தைப் பற்றிக் கட்டுகின்றது. பயிர்களுக்குள்ள இவ்வுபாயத்தை 1985-இல் ஜெர்மானிய அறிஞர் வெளியிட்டனர். மற்றொரு புரதமோ, வேரின் உயிரணுக்களினுள் உள்ள நீர்ப்பைகளிற் காட்மியத்தைத் தள்ளி அடைத்துவிடுகின்றது. கொல்லவியலாப் பகைவனைச் சிறையிலிட்டாற் போலும்! சில நெல்வகைகளில் இக்காவற்புரதம் பிறவியிலேயே செயலற்றிருக்கின்றது. அவற்றிற் காட்மியம் தண்டேறிக் கதிரை அடைகின்றது.

இவ்வாற்றலை நாம் வியக்கின்றோம். உடனே அஞ்சவும் செய்கின்றோம். பயிர் காத்துக்கொள்வது தன் உயிரையே. கிலோ அரிசியில் 0.4 மில்லிகிராமுக்கு மேற் காட்மியம் இருத்தலாகாது என்பது அனைத்துலக உணவு விதி. அவ்வளவை மீறிய கதிரைத் தாங்கும் பயிரும் கண்ணுக்குப் பசுமையாகவே நிற்கக்கூடும்.

கதிர் விடுங்காலத்தில் வயலில் நீரைத் தேக்கின், காட்மியம் கந்தகத்தோடு பிணைந்து கரையாது மண்ணில் தங்கும். ஆனால் அத்தேக்கமே மண்ணிலுள்ள ஆர்சனிக்கைக் கரைத்து வேருக்கு ஊட்டிவிடுகின்றது. உழவன்பாடு இருதலைக்கொள்ளி எறும்பின் பாடே. இது கருதிப்போலும் ஜப்பானிய அறிஞர், கோசிஹிகாரி என்னும் நெல்லின் விதைகளை அயனிக்கதிரால் தாக்கி, முற்கூறிய மாங்கனீசு வாயில் பழுதுற்ற பயிர்களைத் தேர்ந்தெடுத்தனர். அவற்றின் அரிசியிற் காட்மியம் மிகமிகக் குறைவென 2012-இல் அறிவித்தனர். அதே ஆண்டிலேதான் ஜின்சூக் கரை வயல்களில், பழைய மண்ணைப் புதைத்து மேலே புதுமண் பரப்பும் பணி, முப்பதாண்டுகளுக்கு மேல் நடந்து நிறைவெய்தியது.