பகையும் காவலாகுமோ?



எங்கள் கண்ணமங்கலத்திலிருந்து வேலூருக்குப் பேருந்து ஏறுவோரில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்வோரும் உளர். 'நெஞ்சு எரிகிறது, எல்லாம் மிளகாயின் வேலை' என்பர் அவர்கள். மிளகாயின்மேல் மட்டும் பழியைப் போடலாகாது.

இரைப்பையில் ஊறும் அமிலம் மிகக் கடுமையானது. அதைத் தாங்கவல்ல சவ்வு இரைப்பைக்கு உண்டு. மேலேயுள்ள உணவுக்குழலுக்கோ அத்தகைய காப்பு இல்லை. இரண்டிற்கும் இடையிலுள்ள தசை வளையம் தளர்ந்தால் அமிலம் மேலேறிச் சுடும். பல்லாண்டுகள் இவ்வாறு சுடப்பட்டால், சிலருக்கு உணவுக்குழலின் உட்சவ்வு தன் இயல்பை விட்டுக் குடலின் சவ்வைப் போல் மாறிவிடுகிறது. லண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பாரெட் 1950-ல் இதைப் பற்றி எழுதினார். அம்மாறிய பகுதி, மார்புக்குள் இழுபட்ட இரைப்பையே என்று அப்பொழுது அவர் கருதினார். பிறர் மறுக்கவே, அஃது உணவுக்குழலே என 1957-ல் ஒப்புக்கொண்டார். பிழையை ஒப்புவதும் அறிஞர்க்கு அழகன்றோ? பாரெட் மாற்றம் புற்றுநோயன்று, அதற்கு முன்படியாகக்கூடியது. அதனை உடையோரிலும் மிகச் சிலர்க்கே புற்று தோன்றுகிறது.

இனி, ஒரு நுண்ணுயிரின் கதை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர், இரைப்பையில் வாழும் சுருள் வடிவக் கிருமியை 1982-ல் வளர்த்தெடுத்தனர். ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அதன் இன்றைய பெயர். அமிலத்தில் எவ்வுயிரும் வாழாது என்று நம்பிய உலகம் நகைத்தது. மார்ஷல் 1984-ல் அக்கிருமிக் கரைசலைத் தாமே பருகினார். சில நாட்களில் இரைப்பை அழற்சி கண்டது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரைப்பைப் புற்றுக்கு இது காரணி என உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே அறிவித்திருந்தது.

விந்தை இங்கேதான் இருக்கிறது. இக்கிருமி உடையோரிடம் பாரெட் மாற்றம் குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன! காரணம் என்ன? அழற்சி இரைப்பையின் மேற்பகுதிக்குப் பரவினால் அமிலம் சுரக்கும் சுரப்பிகள் நலிகின்றன, அமிலம் குறைகிறது, மேலேறினாலும் அதற்குச் சுடும் வலிமை இல்லை. ஆனால் அழற்சி கீழ்ப்பகுதியோடு நின்றால் அமிலம் பெருகி முன்சிறுகுடலில் புண் உண்டாகிறது. தென்னிந்தியாவில் முன்னாளில் பெரிதும் கண்ட நோய் அது. ஒரே கிருமி, இரண்டு எதிர்விளைவுகள்!

'அப்படியானால் கிருமியை விட்டுவைக்கலாமே, ஐயா?' என்று என் பழைய மாணவன் ஒருவன் கேட்டான். நன்கு வினவினான், ஆயினும் அவசரப்பட்டான். இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றின் காரணமென்று துணிய முடியாது. மேலும், சுரப்பிகள் நலிந்த அதே இரைப்பையில்தான் புற்று தோன்றும் வாய்ப்பு மிகுகிறது. கூரை ஒழுகாதிருக்கச் சுவரை இடிப்பார் உண்டோ? புண் உள்ளவர்க்கு மருத்துவர் கிருமிக்கொல்லி தந்தால், இரண்டு நாளில் வலி தணிந்ததென்று நிறுத்திவிடாமல் குறித்த நாள் முழுவதும் உட்கொள்ளவேண்டும். அரைகுறையாக உண்டால், எஞ்சும் கிருமிகள் மருந்துக்கு அஞ்சா.

இன்னொன்றும் அவனிடம் கூறினேன். பாரெட் மாற்றத்தின் வழியே வரும் புற்று மேனாடுகளில் மிகுதி. நம் நாட்டில் உணவுக்குழலைத் தாக்கும் புற்றுகளுள் பெரும்பாலானவை வேறு வகை. புகையிலை, பாக்கு, மது ஆகியவற்றோடு தொடர்புடையவை. இக்கிருமி அவற்றுக்குக் காவல் நிற்பதில்லை.