யானையின் காலடியை உணரும் கண்ணாடி இழை: காது கூர்மையானால் மட்டும் போதுமா?

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: தொலைபேசி உரையாடல்களையும் கணினித் தகவல்களையும் சுமந்து செல்வதற்காக ரயில் பாதையோரம் பதிக்கப்பட்ட கண்ணாடி இழை, யானையின் காலடியைக் கேட்கும் காதாகவும் பயன்பட்டு வருகிறது. வடகிழக்கு எல்லைப்புற ரயில்வேயில் 2022 டிசம்பரில் சோதனை முறையில் தொடங்கப்பட்ட இத் திட்டத்தை மற்ற மண்டலங்களுக்கும் விரிவுபடுத்த ரயில்வே முடிவு செய்துள்ளது. இழையின் நுண்ணுணர்வை எந்த அளவுக்கு உயர்த்துவது, உயர்த்தும்போது எழும் சிக்கல்களை எவ்வாறு சமாளிப்பது என்பதில்தான் இதன் வெற்றி அடங்கியுள்ளது.

தொடரும் உயிரிழப்புகள்

2009-10 முதல் 2020-21 வரையிலான காலத்தில் நாடு முழுவதும் ரயில் மோதி 186 யானைகள் இறந்ததாக மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் புள்ளிவிவரம் தெரிவிக்கிறது. இதில் அஸ்ஸாமில் 62, மேற்கு வங்கத்தில் 57, ஒடிஸாவில் 27 யானைகள் பலியாயின. தேசியப் பாரம்பரிய விலங்காக யானை அறிவிக்கப்பட்ட 2010-ஆம் ஆண்டிலேயே, மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் சரக்கு ரயில் மோதி 7 யானைகள் இறந்தன. 2013 நவம்பரில் அதே மாவட்டத்தில் சாப்ராமாரி வனப் பகுதி அருகே விரைவு ரயில் மோதி மேலும் 7 யானைகள் மடிந்தன.

இப் பிரச்னை நாடாளுமன்றத்தில் பல கூட்டத் தொடர்களில் எழுப்பப்பட்டுள்ளது. வேகக் கட்டுப்பாடு, யானைகள் கடக்கச் சுரங்கப் பாதை, தேனீக்களின் ரீங்காரத்தை எழுப்பும் கருவி என்று அரசின் பதில்கள் நீண்டு வந்தன. அண்மை ஆண்டுகளில் அந்தப் பட்டியலில் கண்ணாடி இழையும் சேர்ந்துகொண்டது. "கஜராஜ்' என்று பெயரிடப்பட்ட இந்த அமைப்பை ரூ.181 கோடி செலவில் 700 கி.மீ. தொலைவுக்கு நிறுவப் போவதாக ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2023 நவம்பரில் அறிவித்தார்.

ஒளி எப்படிக் கேட்கிறது?

இதற்காகத் தண்டவாளத்தின் ஓரம் ஒலிவாங்கியோ மின் கருவியோ பொருத்த வேண்டியதில்லை. ரயில் நிலையத்தில் உள்ள கருவி, இழைக்குள் லேசர் ஒளியைச் சிறு சிறு துடிப்புகளாக அனுப்புகிறது. எவ்வளவு தூய்மையான கண்ணாடியாக இருந்தாலும் அதன் அடர்த்தியில் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகள் இருக்கும். அவற்றில் பட்டு ஒளியின் மிகச் சிறு பகுதி சிதறிப் பின்னோக்கித் திரும்புகிறது. வானத்துக்கு நீல நிறம் தருகின்ற அதே ராலே சிதறல்தான் இது.

இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. வேகத்தில் செல்கிறது. எனவே, திரும்பிய ஒளி எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதைக் கொண்டு அது எந்த இடத்திலிருந்து வந்தது என்று கணக்கிடலாம். நிலம் அதிரும்போது அந்த இடத்தில் இழை மிக நுட்பமாக நீண்டு சுருங்குகிறது. அதனால் திரும்பும் ஒளி அலையின் ஏற்ற இறக்க நிலை, அதாவது அலைக்கட்டம், மாறுகிறது. இந்த மாற்றத்தை அளந்தால் அதிர்வின் வடிவம் கிடைத்துவிடும். 10 மீட்டருக்கு ஓர் அளவீடு என்று வைத்துக்கொண்டால், 40 கி.மீ. இழை 4,000 ஒலிவாங்கிகளுக்குச் சமம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கண்ணாடியைத் தூய்மைப்படுத்தினால் ஒளியை வெகுதொலைவு கடத்தலாம் என்று 1966-இல் காட்டிய சார்லஸ் காவோவுக்கு 2009-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. செய்தித் தொடர்புப் பொறியாளர்கள் ஒளிச் சிதறலை இழப்பாகவே கருதி வந்துள்ளனர். தூய்மைப்படுத்திய பின்னும் எஞ்சியிருக்கும் அச் சிதறலைத்தான் இந்த உணர்கருவி மூலதனமாகக் கொண்டுள்ளது.

நுண்ணுணர்வை உயர்த்தும் வழிகள்

அந்த மூலதனம் மிகவும் சொற்பம். ஒரு மீட்டர் நீளத்திலிருந்து திரும்பும் ஒளி, அனுப்பிய ஒளியில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்குதான். தொலைவு கூடக் கூட அதுவும் குறைகிறது. 50 கி.மீ. செல்வதற்குள் ஒளி பத்தில் ஒரு பங்காகிவிடும்; திரும்பி வருவதற்குள் நூறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே, அருகில் நன்றாகக் கேட்கும் காது தொலைவில் மந்தமாகிவிடுகிறது.

துடிப்பை நீளமாக்கினால் அதிக ஒளி திரும்பும். ஆனால், அதிர்வு எந்த இடத்தில் நிகழ்ந்தது என்பது மங்கிவிடும். இதைத் தவிர்க்க ரேடார் நிபுணர்களின் உத்தி பின்பற்றப்படுகிறது. அதிர்வெண் படிப்படியாக ஏறிச் செல்லும் நீண்ட துடிப்பை அனுப்பி, திரும்பியதைக் கணக்கீட்டால் சுருக்கும்போது வலிமையும் கிடைக்கிறது, இடத்துல்லியமும் கெடுவதில்லை.

திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் சில இடங்களில் இழை செவிடாகிவிடுவது மற்றொரு குறை. ஒன்றுக்கு மேற்பட்ட அலைநீளங்களில் ஒளியை அனுப்பினால், ஒன்றில் கேட்காதது மற்றொன்றில் கேட்கும்.

மூன்றாவது வழி, இழையையே மாற்றுவது. புற ஊதா லேசரால் இழையின் நடுப்பகுதியில் நுண்ணிய வரிகளைப் பொறித்தால், திரும்பும் ஒளி பத்து மடங்கும் அதற்கு மேலும் கூடுகிறது. நேராகச் செல்லும் இழை, பக்கவாட்டில் செங்குத்தாக வந்து மோதும் அதிர்வைச் சரியாக உணர்வதில்லை. இழையைத் திருகுசுருளாகச் சுற்றி வடமாக்கினால் இக் குறையும் நீங்கும். ஆனால், இவற்றுக்கெல்லாம் புதிய வடம் பதித்தாக வேண்டும். தகவல் தொடர்புக்காக ஏற்கெனவே பதித்த வடத்தையே பயன்படுத்தலாம் என்பதுதான் ரயில்வேயின் திட்டம் மலிவாக அமைவதற்குக் காரணம்.

மலிவான வழியும் ஒன்று உண்டு. மண் அதிர்வு இழையை எட்டினால்தான் கருவிக்குக் கேட்கும். பிளாஸ்டிக் குழாய்க்குள் தளர்வாகக் கிடக்கும் வடத்தைவிட, மண் இறுகப் பற்றியுள்ள வடம் அதிர்வை நன்றாக உணர்கிறது. விலையுயர்ந்த கருவி வாங்கியும் பள்ளத்தைச் சரியாக மூடாவிட்டால் பயன் குறைந்துவிடும்.

கூர்மையான காதின் சிக்கல்

பல டன் எடையுள்ள யானை நடந்தால் நிலம் அதிரும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில், அதன் பாதத்தில் உள்ள கொழுப்பு மெத்தை எடையைப் பரப்பிவிடுவதால் யானை மென்மையாகவே அடியெடுத்து வைக்கிறது. இதனால்தான் இழையின் நுண்ணுணர்வு மிக அதிகமாக இருக்க வேண்டியுள்ளது.

ஆனால், நுண்ணுணர்வு கூடிய இழைக்கு எல்லாமே கேட்கும். மழை, மாட்டு மந்தை, பாதைப் பராமரிப்புத் தொழிலாளர், அருகே செல்லும் லாரி எல்லாம் அதில் பதிவாகும். அந்தப் பாதையில் ஓடும் ரயிலின் அதிர்வு மற்றவற்றை மூழ்கடித்துவிடும். எண்ணெய்க் குழாய்களைத் துளைத்துத் திருடுவோரைக் கண்டறிய இதே தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் இச் சிக்கலை எதிர்கொள்கின்றன. இந்த ஓசைகளிலிருந்து யானை நடையின் தாளத்தைப் பிரித்தறியும் பணி செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் விடப்பட்டுள்ளது.

எச்சரிக்கைக்கான வரம்பைத் தாழ்த்தினால் பொய் எச்சரிக்கைகள் பெருகும். ரயில்கள் காரணமின்றித் தாமதமாகும். நாளடைவில் எச்சரிக்கையை யாரும் பொருட்படுத்தாத நிலை வரும். வரம்பை உயர்த்தினால் ஒரு யானைக் கூட்டம் கண்டறியப்படாமல் போகலாம். இரண்டுக்கும் நடுவே எல்லை வகுப்பது இயற்பியலால் மட்டும் தீர்க்கக்கூடிய கேள்வியன்று. எந்தத் தவறைப் பொறுத்துக்கொள்வது என்பதை நிர்வாகம்தான் முடிவு செய்ய வேண்டும்.

விநாடிக்கு 28 மீட்டர்

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் ரயில் ஒவ்வொரு விநாடியும் 28 மீட்டரைக் கடக்கிறது. அவசரகால பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் சென்ற பிறகே நிற்கும். எனவே, யானை தண்டவாளத்தில் ஏறிய பிறகு கண்டுபிடிப்பதில் பயனில்லை. அது பாதையை நெருங்கும்போதே தெரிய வேண்டும். நிலைய அதிகாரி, கட்டுப்பாட்டு அறை, ரயில் ஓட்டுநர் ஆகியோருக்கு எச்சரிக்கை செல்வதில் ஏற்படும் ஒரு நிமிடத் தாமதம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவுக்குச் சமம்.

காது இல்லாத இடம்

2025 டிசம்பர் 20-ஆம் தேதி அதிகாலை, அஸ்ஸாமின் ஹோஜாய் மாவட்டத்தில் சாய்ராங்-புது தில்லி ராஜதானி விரைவு ரயில் யானைக் கூட்டத்தின் மீது மோதியது. ஓட்டுநர் அவசரகால பிரேக்கைப் பயன்படுத்தியும் விபத்தைத் தவிர்க்க முடியவில்லை. குறைந்தது 7 யானைகள் இறந்தன. என்ஜினும் 5 பெட்டிகளும் தடம் புரண்டன. பயணிகள் காயமின்றித் தப்பினர். அந்த இடம் அறிவிக்கப்பட்ட யானை வழித்தடம் அல்ல என்று ரயில்வே விளக்கம் அளித்தது.

அப்போது வடகிழக்கு எல்லைப்புற ரயில்வேயில் 141 கி.மீ. தொலைவில் இந்த அமைப்பு செயல்பட்டு வந்ததாகவும், மேலும் 981 கி.மீ. தொலைவுக்கு ஒப்பந்தம் வழங்கப்பட்டுள்ளதாகவும் ரயில்வே தெரிவித்தது. இவை நிறைவடைந்தால் மொத்தம் 1,122 கி.மீ. ஆகும்.

தமிழகத்திலும் இதன் தேவை உணரப்பட்டதே. கோவை நவக்கரை அருகே 2021 நவம்பரில் ரயில் மோதி 3 யானைகள் இறந்தன. அதையடுத்து, மதுக்கரைப் பகுதியில் கோபுரங்களில் பொருத்திய கேமராக்களால் கண்காணிக்கும் திட்டத்தை வனத் துறை 2024 பிப்ரவரியில் தொடங்கியது. கேமராவுக்குக் காட்சி மறையாமல் இருக்க வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் இழைக்கு அந்தத் தேவை இல்லை. ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடு செய்ய முடியும்.

எத்தனை கி.மீ. தொலைவுக்கு இந்த அமைப்பு நிறுவப்பட்டது என்ற கேள்விக்கு நாடாளுமன்றத்தில் பதில் கிடைத்துவிடும். எத்தனை எச்சரிக்கைகள் உண்மையானவை, எத்தனை தவறானவை, ஓட்டுநருக்குத் தகவல் சேர எத்தனை விநாடிகள் ஆயின, யானைகள் தங்கள் வழித்தடத்தை மாற்றிக்கொண்ட இடங்களுக்கு இழையின் கண்காணிப்பு எப்போது எட்டும் என்ற கேள்விகளும் உறுப்பினர்களால் எழுப்பப்பட வேண்டியவை. அவற்றுக்கான பதில்களைக் கொண்டுதான் இத் திட்டத்தின் பயனை மதிப்பிட முடியும்.