வந்தியத்தேவனைக் கடாரத்துக்கு அனுப்பும் முன்

தை மாதம். வந்தியத்தேவன் நாகப்பட்டினத்தில் கப்பலேறுகிறான். ஒரே வாரத்தில் கடாரம் வந்து சேர்கிறான். கரையில் ஒரு ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து, தலைக்கு மேலே அசையாமல் நிற்கும் துருவ நட்சத்திரத்தை அண்ணாந்து பார்க்கிறான்.

இது நான் எழுதிய கதையின் தொடக்கம். மாதம், பயண நாள், மரம், நட்சத்திரம் நான்குமே தவறு!

பிடித்த நாவலின் பாத்திரங்களை இரவல் வாங்கி, நாமே ஒரு புதுக்கதை எழுதுவதை ரசிகர் புனைவு என்கிறார்கள். தமிழுக்கு இது புதிதல்ல. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதியது ‘பொன்னியின் செல்வன்’ விட்ட இடத்திலிருந்துதான். மலேசியாவில் இருந்துகொண்டு அப்படி எழுத ஆசைப்படுகிறவருக்குக் கடாரம் என்ற பெயர் கையில் கிடைத்த வரம். அந்தக் கடாரம் நம்முடைய கெடா. வந்தியத்தேவனின் குணத்தைக் கல்கி கொடுத்துவிட்டார். அவன் வந்து இறங்கும் கெடாவை நீங்கள்தான் உருவாக்க வேண்டும். அதற்கு அறிவியல் துணை வேண்டும்.

முதலில் காற்று. நாகப்பட்டினத்திலிருந்து மெர்போக் ஆற்று முகத்துவாரம் வரை நேர்க்கோட்டில் சுமார் 2,300 கிலோமீட்டர். இதை ஒரு வாரத்தில் கடக்க, பாய்க்கப்பல் இரவும் பகலும் நிற்காமல் மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். நடக்கிற காரியமா? 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனப் பயணி இ-சிங் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். ஆய்வாளர்கள் கெடா என்று கருதும் துறைமுகத்திலிருந்து ஒரு பிக்கு மேற்கே கப்பலில் சென்று, 30 நாளில் நாகப்பட்டினம் சேர்ந்தாராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 3 கிலோமீட்டர் சொச்சம்தான் வருகிறது. நாம் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு.

இந்த 30 நாள் என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் காட்சிகள் தாமாகவே வரத் தொடங்கும். கப்பலில் 60 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் குடிநீர் என்றால் 5,400 லிட்டர். ஐந்து டன்னுக்கு மேல்! அதை எங்கே வைப்பது? பாதி வழியில் ஒரு பீப்பாய் கசிந்தால்? மழை வந்தால் பாயை விரித்து நீர் பிடிப்பார்களா? வில்லன் யாரும் இல்லாமலே ஓர் அத்தியாயம் ஓடிவிடும்.

மாதமும் காற்றின் கையில்தான் இருக்கிறது. தை மாதத்தில் வங்கக்கடலில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும். கிழக்கே போகும் கப்பலுக்கு அது முன்பக்கமாக வந்து மோதும் காற்று. வைகாசிக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று நிலைத்த பிறகுதான் அது பின்னாலிருந்து தள்ளிவிடும்.

ரப்பர் மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரேசில் நாட்டு மரம் அது. அதன் கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து, அங்கிருந்து கோலகங்சாருக்குப் போயின. செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. சிலாங்கூரில் அதை வணிகப் பயிராக நட்டது 1917-இல். கெடாக் கரையில் அலையாத்தி மரங்களையும் நிப்பாவையும் தென்னையையும் நடுங்கள். சமையலிலும் கவனம் தேவை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, பப்பாளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குகள். கொலம்பஸ் கடல் கடந்த 1492-க்கு முன் அவற்றில் ஒன்றும் இங்கே கிடையாது. அவன் இலையில் புளியும் மிளகும் இஞ்சியும் இருக்கலாம். சம்பால் கூடாது.

நட்சத்திரத்தில்தான் எனக்குச் சரியான அடி விழுந்தது. துருவ நட்சத்திரம் வானில் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகையைப் பொறுத்தது. மெர்போக்கில் அது ஆறு பாகைக்கும் குறைவு. கையை நீட்டி மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் அந்த உயரம் மறைந்துவிடும். அண்ணாந்து பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

அது அசையாமல் நின்றதும் இல்லை. சுழலும் பம்பரம் தலையாட்டுவதுபோல பூமியின் அச்சும் சுமார் 26,000 ஆண்டுக்கு ஒரு முறை வட்டமிடுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் வடதுருவப் புள்ளி வானில் வேறோர் இடத்தில் இருந்தது. இன்று அதை ஒட்டி நிற்கும் துருவ நட்சத்திரம் அன்று சுமார் 6 பாகை தள்ளி நின்று, அந்தப் புள்ளியைச் சுற்றிவந்தது. கெடாவிலிருந்து பார்த்தால் சுற்றின் அடிப்பகுதியில் கடலுக்குக் கீழே போய்விடும். அதை மட்டும் நம்பிய மாலுமி வழி தவறியிருப்பான். ‘ஸ்டெல்லேரியம்’ என்ற இலவசக் கணினி நிரலில் ஆண்டையும் இடத்தையும் கொடுத்தால், அன்றைய வானத்தை நீங்களே பார்க்கலாம். 1582-க்கு முந்தைய தேதிகள் அதில் பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி வரும். 11ஆம் நூற்றாண்டுக்கு இன்றைய கணக்கோடு ஆறு நாள் வித்தியாசம்.

அந்த நிரலைத் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் கதைக்கு ஏற்ற ஆண்டு அகப்பட்டது. 1006. அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் தெற்கு வானில் திடீரென ஒரு புது ஒளி தோன்றியது. வெள்ளியைவிடப் பிரகாசமான ஒளி. சீனாவிலும் ஜப்பானிலும் எழுதி வைத்தார்கள். எகிப்தில் அலி இப்னு ரித்வான் குறித்து வைத்தார். சுமார் 7,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒரு வெண்குள்ள நட்சத்திரம் வெடித்துச் சிதறிய வெளிச்சம் அது. பதிவான மீவொளிர் விண்மீன் வெடிப்புகளில் இதுவே மிகப் பிரகாசமானது. வைகாசியில் புறப்படும் கப்பலிலிருந்து, மேகம் விலகும் இரவுகளில், அடிவானத்துக்கும் உச்சி வானத்துக்கும் ஏறக்குறைய நடுவில் அதைப் பார்த்திருக்கலாம்.

அதே 1006 வாக்கில்தான், இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில், கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமம் கொடையாகப் போனது. லெய்டன் செப்பேடு சொல்லும் செய்தி இது. நாவலில் அந்த விகாரம் சுமார் 35 ஆண்டு முன்பே நின்று, காய்ச்சலில் கிடந்த அருள்மொழிக்கு அடைக்கலம் தருகிறது. கல்கி எடுத்துக்கொண்ட சலுகை என்று வைத்துக்கொள்வோம். எனக்கு அதில் குறையில்லை.

ஆனால் ஆண்டை மாற்றியதும் ஆளும் மாறிவிட்டான். 970 வாக்கில் இருபது வயதைத் தாண்டியிருந்த வாணர்குலத்து வீரன், 1006-இல் அறுபதை நெருங்குகிறவன். குதிரையில் பறந்தவனுக்கு இப்போது கப்பல் ஏணியில் மூச்சு வாங்கும். முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு அந்தக் கிழவனை எனக்கு அதிகம் பிடித்துவிட்டது.

பாய்மரத்தின் மேலிருப்பவனுக்கு முதலில் தெரிவது குனோங் ஜெராய். மலையின் உயரம் 1,217 மீட்டர். பூமியின் வளைவைக் கணக்கிட்டால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் சுமார் 125 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே உச்சி தெரியும். அந்த வேகத்தில் கரை சேர இன்னும் ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். கரையைப் பார்த்துக்கொண்டே ஒன்றரை நாள்! அந்த மலையடிவாரத்தை எழுத, மெர்போக் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். பக்கத்தில் சுங்கை பத்துவில் அன்றைய மக்கள் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

ஆனியில் வந்து சேர்ந்தவன் நினைத்த நாளில் திரும்ப முடியாது. காற்று மாற வேண்டும். மாறினாலும், ஐப்பசி, கார்த்திகையில் நாகப்பட்டினக் கரையைப் புயல்கள் தாக்கும். எல்லாம் அடங்கித் தை பிறக்க வேண்டும். நான் புறப்பாட்டுக்கு வைத்திருந்த அதே தை, அவன் ஊர் திரும்பும் மாதமாகிவிட்டது. அதுவரை ஆறு மாதத்துக்கு மேல் கெடாவில் அவனுக்கு வேலை எதுவும் இல்லை. மொழியும் தெரியாது. இப்போது அந்த ஆறு மாதத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்றிரவு அவனை உலைக்காரர் ஒருவரின் நிப்பா ஓலைக் குடிசையில் சாப்பிட உட்கார வைத்தேன். மீன் குழம்பு, மிளகுக் காரத்தோடு.